குழந்தையின் பித்தநாளக் கட்டி: வயிற்றைத் திறப்பதா, துளை போடுவதா?

கேள்வியைச் சுருக்கமாக மறுபடி சொல்லிவிடுகிறேன். நாலு வயதுப் பெண் குழந்தை. ஆறு மாதமாக விட்டுவிட்டு வயிற்றுவலி, வாந்தி. பூச்சி மருந்தெல்லாம் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. கடைசித் தடவை வலியோடு கண்ணும் மஞ்சளாகவே, ஸ்கேன் எடுத்தார்கள். பித்தநாளம் ஊதிப்போய் இருக்கிறது, 'கோலிடோக்கல் சிஸ்ட், டைப் ஒன்று' என்று ரிப்போர்ட் வந்தது. ஒரு மருத்துவர் வயிற்றைத் திறந்துதான் செய்ய வேண்டும் என்கிறார். இன்னொருவர் லேப்ராஸ்கோப்பியில் நாலு சின்னத் துளையோடு முடித்துவிடலாம் என்கிறார். எது நல்லது, யார் சொல்வது சரி என்று பெற்றோர் கேட்கிறார்கள்.

நான் குழந்தைகளுக்கான அறுவை மருத்துவன். இந்த ஆபரேஷனைத் திறந்தும் செய்திருக்கிறேன், துளை வழியாகவும் செய்திருக்கிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டு மருத்துவர்களும் செய்யப்போவது ஒரே ஆபரேஷன். வயிற்றுக்குள் எப்படி நுழைகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். உங்கள் குழந்தை முப்பது வயதில் எப்படி இருப்பாள் என்பதைத் தீர்மானிப்பது கல்லீரலுக்குக் கீழே, விரற்கடை அகலம்கூட இல்லாத ஓரிடத்தில் போடப்படும் ஒரு இணைப்பு. அந்த இணைப்பை உங்கள் டாக்டரின் கை எந்த வழியில் ஒழுங்காகப் போடும் என்பதுதான் கேள்வி. இதை விளக்கக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் 'கட்டி' என்ற சொல்லால் வந்த பயத்தைப் பார்ப்போம். இது சதைக்கட்டி இல்லை, புற்றுநோயும் இல்லை. கல்லீரலில் சுரக்கும் பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் குழாய்தான் பலூன் மாதிரி ஊதிப்போய் இருக்கிறது. சாதாரணமாக பித்தக் குழாயும் கணையக் குழாயும் முன்சிறுகுடலின் சுவருக்குள் வந்துதான் ஒன்று சேரும். அங்கே சுருக்குத் தசை ஒன்று இருக்கிறது. இரண்டு நீரும் ஒன்றின் குழாய்க்குள் இன்னொன்று போகாமல் அதுதான் பார்த்துக்கொள்கிறது. இந்தக் குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு குழாயும் குடலை எட்டுவதற்கு முன்பே சேர்ந்துவிடுகின்றன. சேர்ந்த பிறகு ஒரு நீளமான பொதுக் குழாய். அதற்கு மேலே தடுப்பு எதுவும் கிடையாது. கணையக் குழாயில் அழுத்தம் அதிகம். அதனால் கணைய நீர் பித்தக் குழாய்க்குள் ஏறி அதன் சுவரை அரிக்கிறது. டொனால்ட் பாபிட் என்ற கதிரியக்க மருத்துவர் 1969-ல் சொன்ன விளக்கம் இது. எல்லாக் குழந்தைக்கும் இது பொருந்துவதில்லை என்றாலும் பெரும்பாலோருக்குப் பொருந்துகிறது. ஆபரேஷனில் கட்டிக்குள் இருக்கும் பித்தநீரைக் கொஞ்சம் உறிஞ்சி லேபுக்கு அனுப்பினால், கணையம் சுரக்கும் அமைலேஸ் என்ற செரிமான நொதி அதில் ஏராளமாக இருக்கும்.

ரிப்போர்ட்டில் வரும் 'டைப்' என்பது ஜப்பானிய மருத்துவர் டோடானி 1977-ல் வகுத்த பிரிவு. மொத்தம் ஐந்து. கல்லீரலுக்கு வெளியே இருக்கும் குழாய் மட்டும் ஊதியிருந்தால் முதல் வகை. ஐந்தில் நான்கு குழந்தைகளுக்கு இதுதான். கல்லீரலுக்கு உள்ளேயும் வெளியேயும் ஊதியிருந்தால் நான்காம் வகை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். மற்றவை அபூர்வம். ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகளுக்கு மூன்று நான்கு மடங்கு அதிகமாக வருகிறது. மேற்கு நாடுகளைவிட ஆசியாவில் அதிகம். அதனால்தான் இந்த ஆபரேஷனில் பெரிய அனுபவம் ஜப்பான், சீனா, வியட்நாம் பக்கமிருந்து வருகிறது.

ஆறு மாதமாகக் கண்டுபிடிக்காமல் விட்டுவிட்டோமே என்று வருந்த வேண்டாம். வயிற்றுவலி, மஞ்சள் காமாலை, வயிற்றின் வலப்பக்கம் கையில் தட்டுப்படும் கட்டி, இந்த மூன்றும் சேர்ந்து வரும் என்று பாடப் புத்தகத்தில் இருக்கும். மூன்றும் சேர்ந்து வரும் குழந்தைகள் உண்மையில் ஐந்தில் ஒன்றுகூடத் தேறாது. பெரும்பாலும் விட்டுவிட்டு வலிதான். ஒரு அல்ட்ராசவுண்ட் எடுக்கும்வரை யாருக்கும் சந்தேகம் வராது.

அடுத்து, எடுத்தே ஆக வேண்டுமா? ஆம். ஊதின குழாயில் பித்தநீர் தேங்கும். தேங்கினால் கிருமி சேரும், கல் சேரும், கணையம் வீங்கும், சில சமயம் குழாய் வெடித்து வயிற்றுக்குள் பித்தநீர் கசியும். வருடக்கணக்கில் அடைப்பு நீடித்தால் கல்லீரல் இறுகிப்போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, அரிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும் அந்தச் சுவரில் பிற்காலத்தில் புற்றுநோய் வரலாம். முதல் பத்து வயதுக்குள் அது மிக மிக அரிது. வயது ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது.

ஒரு காலத்தில் கட்டியை எடுக்காமல், அதை அப்படியே குடலோடு இணைத்துவிடுவார்கள். ஆபரேஷன் சுலபம், நேரமும் குறைவு, குழந்தையும் சில வருடம் நன்றாக இருக்கும். பிறகு காய்ச்சல், கல், இணைப்பு சுருங்கிப்போவது என்று ஒவ்வொன்றாக வரும். விட்டுவைத்த சுவரில் புற்றுநோயும் வந்தது. அதனால் அந்த முறை கைவிடப்பட்டது. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அன்றைக்கு எல்லோருக்கும் பிடித்துப்போன அந்தச் சுலபமான வழியின் விலை தெரிய இருபது, முப்பது வருடமானது. இன்றைக்கு ஒரு புதிய முறையை 'நாலாம் நாளே வீட்டுக்குப் போய்விட்டாள்' என்பதை வைத்து மட்டும் எடைபோட எனக்குத் தயக்கம் இருக்கிறது.

இனி ஆபரேஷனுக்கு வருவோம். திறந்தாலும் துளை போட்டாலும் உள்ளே நடப்பது இதுதான். பித்தப்பையையும் ஊதின குழாயையும் சேர்த்து எடுக்க வேண்டும். கீழ்முனையைக் கணையத்துக்குள் அது ஒடுங்கும் இடம்வரை பிரித்துப்போய்க் கட்ட வேண்டும். மேல்முனையைக் கல்லீரலின் வாசலுக்குப் பக்கத்தில் வெட்டி, அந்த வாயைக் குடலோடு தைக்க வேண்டும். சிறுகுடலில் ஒரு துண்டை மேலே தூக்கிவந்து தைப்பது பரவலான முறை. சேசார் ரூ என்ற சுவிஸ் அறுவை மருத்துவரின் பெயரால் அதை ரூ இணைப்பு என்பார்கள். குடல் ஆங்கில ஒய் எழுத்து மாதிரி கிளை பிரிந்து நிற்கும். உணவு ஒரு கிளையில், பித்தநீர் இன்னொரு கிளையில் வந்து கீழே சேரும்.

இதில் மூன்று இடங்களில்தான் எங்களுக்கு வியர்க்கும்.

முதலாவது, கட்டியின் பின்சுவர். அதற்கு நேர் பின்னால் கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய சிரை ஓடுகிறது. குழந்தைக்கு அடிக்கடி கிருமித்தொற்று வந்திருந்தால் கட்டியின் சுவர் அந்தச் சிரையோடு பசைபோட்ட மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். பிரிக்கும்போது சிரை கிழிந்தால் சில நொடியில் பார்வை முழுக்கச் சிவப்பாகிவிடும். மிகவும் ஒட்டிப்போயிருந்தால் பின்சுவரின் வெளித்தோலை மட்டும் சிரைமேலேயே விட்டுவிட்டு, உள்சவ்வை உரித்தெடுக்கும் உத்தி ஒன்று உண்டு. லில்லி முறை என்பார்கள்.

இரண்டாவது, கீழ்முனை. கொஞ்சம் மேலேயே நிறுத்திவிட்டால் கட்டியின் அடிப்பகுதி கணையத்துக்குள் எச்சமாகத் தங்கும். பிற்காலத்தில் அதில் கல் சேரும், கணைய வீக்கம் வரும், புற்றுநோய் ஆபத்தும் மிச்சமிருக்கும். கொஞ்சம் கீழே போய்விட்டாலோ கணையக் குழாயே அடிபடும். நடுவில் இருக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர்தான். சில குழந்தைகளுக்கு அந்தப் பொதுக் குழாயில் புரதக் கசடு அடைத்திருக்கும். மெல்லிய குழாய் விட்டு அதைக் கழுவி எடுக்காமல் மூடிவிட்டால், ஆபரேஷன் முடிந்த பிறகும் வலி தொடரும்.

மூன்றாவது, மேல்முனை. நான் முதலில் சொன்ன இணைப்பு இங்கேதான். கல்லீரலின் வலது, இடது கிளைக்குழாய்கள் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே குழாயை வெட்டி, வாய் அகலமாக, இழுவை இல்லாமல், குடலின் உள்தோலும் குழாயின் உள்தோலும் முகத்தோடு முகம் பொருந்தும்படி தைக்க வேண்டும். தைக்கும் நூல், குழந்தைகளுக்கு நாங்கள் எடுக்கும் மெல்லிய ரகத்தில், கிட்டத்தட்டத் தலைமுடித் தடிமன்தான். தையலுக்குத் தையல் இடைவெளி இரண்டு மில்லிமீட்டர் இருக்கும். ஒன்று விலகினால் பித்தநீர் கசியும். ஒன்று கூடுதலாக இறுகினால் அந்த இடத்துக்கு ரத்தம் குறைந்து, வருடங்கள் கழித்துச் சுருங்கும்.

இப்போது இரண்டு வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

திறந்து செய்யும்போது வலது விலா எலும்புக்குக் கீழே குறுக்காக ஒரு வெட்டு. நாலு வயதுக் குழந்தைக்கு ஏழெட்டு சென்டிமீட்டர் இருக்கும். கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு தைக்கிறோம். இங்கே இருக்கும் பெரிய வசதி விரல். சுவர் எங்கே தடித்திருக்கிறது, குழாய்க்கு மேலே துடிக்கும் தமனி எங்கே, கல் ஏதாவது உருள்கிறதா என்பதைக் கண்ணுக்கு முன்னால் விரல் சொல்லிவிடும். ரத்தம் வந்தால் விரலை வைத்து அழுத்திக்கொண்டு மூச்சுவிட நேரம் கிடைக்கும். மேல்முனைத் தையலை எந்தக் கோணத்திலிருந்தும் போடலாம். கஷ்டம் எங்கே என்றால் கீழ்முனையில். கணையத்துக்குள் இறங்கும் அந்தக் குழி ஆழமானது, இருட்டானது. நானும் உதவியாளரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு எட்டிப் பார்ப்போம். ஒருவர் பார்த்தால் இன்னொருவருக்குத் தெரியாது.

துளை வழியாகச் செய்யும்போது வயிற்றுக்குள் கார்பன்-டை-ஆக்சைடு வாயுவை மெதுவான அழுத்தத்தில், சிறு குழந்தைகளுக்கு 8 முதல் 10 மில்லிமீட்டர் பாதரசம் அளவில், நிரப்பிக் கூடாரம் மாதிரி உப்ப வைக்கிறோம். தொப்புளில் ஒரு துளை வழியாகக் கேமரா போகும். மற்ற மூன்று துளைகள் மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர். கல்லீரல் மறைக்காமலிருக்க வயிற்றுத் தோல் வழியாகவே ஊசியை விட்டு, ஒரு நூலால் அதை மேலே தூக்கிக் கட்டுவோம். திரையில் எல்லாமே பல மடங்கு பெரிதாகத் தெரியும். திறந்து செய்யும்போது எட்டிப் பார்த்த அதே கீழ்முனை இங்கே சினிமாப் படம் மாதிரி விரியும். கட்டி ஒடுங்கும் இடம், அதன்மேல் ஓடும் மயிரிழை ரத்தக்குழாய்கள், கணையத் திசுவின் மஞ்சள் மணிகள் எல்லாம் அறையில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். முதன்முதலில் அந்தக் காட்சியைப் பார்த்தபோது, இத்தனை நாள் நான் பாதிக் கண்ணோடுதான் இந்த இடத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேனோ என்று தோன்றியது.

அதே கேமரா மேல்முனைக்கு வரும்போது ஆட்டம் மாறிவிடுகிறது. துளையில் செருகிய கருவி ஒரு சீசா மாதிரி. கையை இடதுபக்கம் கொண்டுபோனால் முனை வலதுபக்கம் போகும். மணிக்கட்டு கிடையாது. கருவி நுழையும் கோணம் துளை போட்ட அந்தக் கணத்திலேயே நிர்ணயமாகிவிட்டது. தலைமுடி நூலில், ஒரு ஐந்து ரூபாய்க் காசுக்குள் அடங்கும் வட்டத்தைச் சுற்றிப் பன்னிரண்டு பதினைந்து தையல். ஒவ்வொன்றையும் திரையைப் பார்த்தபடியே முடிச்சுப் போட வேண்டும். பழகாத கைக்கு ஒரு முடிச்சுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகும். பழகிய கை சீராக ஓட்டிக்கொண்டே போகும். இந்த இடைவெளியைத் தாண்டப் பத்து கேஸ் போதாது. சில பத்துக் கேஸ்கள் வேண்டும். அபூர்வமான நோய் என்பதால் அந்த எண்ணிக்கையைச் சேர்ப்பதற்கே சில மருத்துவமனைகளில் பல வருடம் ஆகிவிடுகிறது. குடலோடு குடலைச் சேர்க்கும் கீழ் இணைப்பை மட்டும் பெரும்பாலோர் தொப்புள் துளை வழியாகக் குடலை வெளியே எடுத்து, கையாலேயே தைத்து உள்ளே விட்டுவிடுவோம். அது நேரத்தை மிச்சப்படுத்தும் நல்ல உத்தி. 'முழுக்கத் துளை வழியாகச் செய்யவில்லையே' என்று யாரும் குறைப்பட வேண்டியதில்லை.

ஆக என் கணக்கு இது: கீழ்முனையில் கேமரா ஜெயிக்கிறது, மேல்முனையில் விரல் ஜெயிக்கிறது. லேப்ராஸ்கோப்பியில் நிறையச் செய்து பழகியவரிடம் மேல்முனைக் குறையும் மறைந்துவிடும். அப்படிப்பட்டவர் கிடைத்தால் நான் தயங்காமல் துளை வழியையே சொல்வேன்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? ஒரு குழந்தைக்கு இதைத் துளை வழியாகச் செய்ததை 1995-ல் இத்தாலியிலிருந்து ஃபரெல்லோ குழுவினர் முதலில் எழுதினார்கள். வியட்நாமின் ஹனோயில் நுயென் தன் லியெம் குழுவினர் 2012-ல் நானூறு நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்டபோது, இது ஒன்றிரண்டு பேரின் சாகசம் என்ற பேச்சு அடங்கியது. பிறகு வந்த ஒப்பீடுகளைத் தொகுத்துப் பார்த்தால் பொதுவாகத் தெரிவது: துளை வழியில் ரத்த இழப்பு குறைவு, வாய்வழி உணவு சீக்கிரம் தொடங்குகிறது, ஓரிரு நாள் முன்னதாக வீட்டுக்குப் போகிறார்கள், பிற்காலத்தில் குடல் ஒட்டிக்கொண்டு அடைத்துக்கொள்வதும் குறைவு. ஆனால் ஆபரேஷன் நேரம் அதிகம். பித்தநீர் கசிவிலும் இணைப்பு சுருங்குவதிலும், அனுபவமுள்ள இடங்களில், பெரிய வித்தியாசம் இல்லை.

இந்த முடிவுகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சீட்டுக் குலுக்கிப்போட்ட மாதிரி குழந்தைகளைப் பிரித்துச் செய்த ஆய்வுகள் மிகக் குறைவு. பெரும்பாலானவை பழைய பதிவேடுகளைப் புரட்டி எடுத்தவை. எந்தக் குழந்தைக்குத் துளை, எந்தக் குழந்தைக்கு வெட்டு என்று தேர்ந்தெடுத்தது டாக்டர்தான். ஒட்டிப்போன, பலமுறை காய்ச்சல் வந்த, சிக்கலான கேஸ்கள் தானாகவே 'திறந்து' பக்கம் ஒதுங்கிவிடும். பல ஆய்வுகளில் திறந்து செய்தவை பழைய வருடங்களில் நடந்தவை, துளை வழியாகச் செய்தவை புதியவை. இடையில் வலி மருந்தும் மயக்க மருந்தும் மாறிவிட்டன, 'மூன்று நாள் வாயில் எதுவும் கிடையாது' என்ற பழைய வழக்கமும் மாறிவிட்டது. இன்றைக்கு முதுகில் ஊசிக்குழாய் வைத்து வலியை நன்றாக அடக்கி, சீக்கிரம் உணவு கொடுத்தால், திறந்து செய்த குழந்தையும் பழைய காலத்தைவிட எவ்வளவோ வேகமாக எழுந்து உட்காருகிறது.

இன்னொன்றும் உண்டு. இணைப்பு சுருங்குவது ஐந்து, பத்து வருடம் கழித்தும் வரலாம். திறந்து செய்தவர்களின் கணக்கு பல பத்தாண்டுகளுக்கு இருக்கிறது. துளை வழி பரவலானது 2000-க்குப் பிறகுதான். அந்தக் குழந்தைகள் நடுவயதை எட்டும்போதுதான் முழுப்படம் கிடைக்கும். இதுவரை வந்தவை நம்பிக்கை தருகின்றன. அதற்குமேல் இப்போதைக்குச் சொல்ல மாட்டேன்.

தழும்பைப் பற்றி: அது அற்பம் என்று சொல்லும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. நாலு வயதில் ஏழெட்டு சென்டிமீட்டர் இருந்த தழும்பு, குழந்தை வளர வளரத் தானும் நீளும். வயிற்றுத் தசையை வெட்டுகிறோம் என்பதும் உண்மை. இதைப் பெற்றோர் யோசிப்பது தப்பே இல்லை. தழும்பை மட்டுமே வைத்து முடிவெடுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

சில குழந்தைகளுக்கு முதலிலேயே திறந்து செய்துவிடுவது உசிதம் என்று நினைக்கிறேன். கட்டி வெடித்து வயிற்றில் பித்தநீர் பரவியவர்கள். முன்பே அந்த இடத்தில் ஆபரேஷன் ஆகி மறுபடி வருபவர்கள். கல்லீரல் இறுகி, ரத்தக்குழாய்கள் புடைத்துப்போனவர்கள். இதயக் குறைபாடு போன்ற காரணத்தால் வாயு அழுத்தத்தைத் தாங்க முடியாதவர்கள். நான்காம் வகையில், கல்லீரல் வாசலில் கிளைக்குழாய்கள் ஒடுங்கியிருந்தால் அந்த ஒடுக்கத்தைப் பிளந்து அகலப்படுத்திய பிறகுதான் இணைக்க வேண்டும். அதைத் துளை வழியாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள், எல்லோராலும் முடியாது. பச்சிளம் குழந்தைகளில் கட்டி பெரிதாக இருந்தாலும் மேல்முனைக் குழாய் சில சமயம் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். அங்கே என் கை திறந்த வழியைத்தான் தேடும்.

பச்சிளம் குழந்தை என்றதும் ஒரு எச்சரிக்கை. உங்கள் மகளுக்குச் சம்பந்தமில்லை, ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும். பிறந்த சில வாரக் குழந்தைக்குக் காமாலையும், சுண்ணாம்பு மாதிரி வெளுத்த மலமும், ஸ்கேனில் ஒரு சின்னக் கட்டியும் இருந்தால், அது பித்தக் குழாயே அடைந்துபோன வேறு நோயாக இருக்கலாம். அதற்கான ஆபரேஷனை இரண்டு மாத வயதுக்குள் செய்வது நல்லது. 'கட்டிதானே, பெரிதான பிறகு பார்க்கலாம்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

துளை வழியாகத் தொடங்கி, நடுவில் வயிற்றைத் திறக்க நேரலாம். வெளியே காத்திருக்கும் குடும்பத்துக்கு அது தோல்விச் செய்தி மாதிரிக் கேட்கும். நான் வெளியே வந்து 'திறந்துவிட்டோம்' என்று சொன்னதும் முகங்கள் வாடுவதைப் பார்த்திருக்கிறேன். உண்மையில், சிரை பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது, இதற்குமேல் போனால் கிழியும் என்று தெரிந்தவுடன் திறப்பவர்தான் உங்களுக்கு வேண்டிய மருத்துவர். 'நான் ஒருமுறைகூடத் திறந்ததில்லை' என்று பெருமையாகச் சொல்பவரிடம் இன்னும் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள்.

ரோபோ வைத்துச் செய்வதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். குழந்தைக்கு இந்த ஆபரேஷனை ரோபோவால் செய்த முதல் அறிக்கை 2006-ல் வந்தது. கருவிமுனையில் மணிக்கட்டு இருப்பதால் மேல்முனைத் தையல் சுலபமாகிறது. நான் மேலே சொன்ன குறைக்கு அது நேரடியான பதில். ஆனால் கருவிகள் பெரியவர்களுக்காகச் செய்தவை, சின்ன வயிற்றில் இடம் பத்தாது. தொடும் உணர்வும் குறைவு. நாலு வயதுக்கு அது அவசியம் என்று சொல்ல மாட்டேன்.

சில மருத்துவர்கள் சிறுகுடலைத் தூக்கிவராமல், பித்தக் குழாயை நேராக முன்சிறுகுடலோடு இணைப்பார்கள். ஒரே இணைப்பு, நேரம் மிச்சம், பிற்காலத்தில் எண்டோஸ்கோப்பி வழியாக அந்த இடத்தை எட்டிப் பார்க்கலாம் என்பது அதன் சௌகரியம். பித்தநீர் இரைப்பைக்குள் ஏறி எரிச்சல் தருவதும், உணவு கல்லீரல் பக்கம் ஏறுவதும் அதன் தொல்லை. துளை வழியில் நேரத்தைக் குறைப்பதற்காகச் சிலர் இதைத் தேர்வு செய்கிறார்கள். எனக்கு முதலில் சொன்ன ரூ இணைப்பே பிடிக்கும். மற்றதைச் செய்பவர்களைத் தப்பு என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை. உங்கள் டாக்டர் எதைச் செய்யப்போகிறார் என்று மட்டும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி கேட்க வேண்டியவை அதிகமில்லை. இந்த ஆபரேஷனை, மற்றவற்றையெல்லாம் சேர்க்காமல் இதை மட்டும், நீங்களே எத்தனை குழந்தைகளுக்குச் செய்திருக்கிறீர்கள்? அதில் எத்தனை பேருக்குக் கசிவு வந்தது, எத்தனை பேருக்கு மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டது? அவர்களை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை நன்றாகக் கவனியுங்கள். பத்து வருடத்துக்கு முன் செய்த குழந்தை இப்போது எப்படி இருக்கிறாள் என்று சொல்லத் தெரிந்தவர், அவளை மறக்கவில்லை என்று அர்த்தம். குழந்தைகளுக்கென்று மயக்க மருந்து மருத்துவரும், இரவில் பார்த்துக்கொள்ளத் தீவிர சிகிச்சைப் பிரிவும் அங்கே இருக்கின்றனவா என்பதையும் கேளுங்கள். இதையெல்லாம் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று பயப்பட வேண்டாம். கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு பதில்தான்.

ஆபரேஷனுக்கு முன் எம்ஆர்சிபி ஸ்கேன் (பித்த, கணையக் குழாய்களைப் படமெடுக்கும் எம்ஆர்ஐ) அவசியம். குழாய்கள் எங்கே சேர்கின்றன, கல்லீரலுக்குள் கிளைகள் எப்படிப் போகின்றன என்ற வரைபடம் அதில்தான் கிடைக்கும். இப்போது கணைய வீக்கமோ தொற்றுக் காய்ச்சலோ இருந்தால் முதலில் அதைத் தணித்துவிட்டு, சில வாரம் கழித்துச் செய்வது நல்லது. அவசரமாக உள்ளே போனால் எல்லாம் ஊறி வீங்கி, தொட்ட இடமெல்லாம் ரத்தம் வரும். காமாலை இருந்தால் ரத்தம் உறைவது தாமதமாகும்; அதற்கு வைட்டமின் கே ஊசி போட்டுச் சரிபார்ப்பார்கள். அதற்காக மாதக்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது. ஒவ்வொரு காய்ச்சலும் பின்சுவரை இன்னும் கொஞ்சம் ஒட்டவைக்கும். துளை வழியாகச் செய்யக்கூடியதாக இருந்த கேஸ் திறந்து செய்ய வேண்டியதாக மாறுவது பெரும்பாலும் இப்படித்தான்.

ஆபரேஷன் முடிந்து வரும்போது வயிற்றின் பக்கவாட்டில் ஒரு வடிகுழாய் இருக்கலாம். முதல் நாள் இளஞ்சிவப்பாக வருவது இயல்பு. மூன்றாம் நாள், நாலாம் நாள் பச்சையாகவோ அடர்மஞ்சளாகவோ வந்தால் பித்தநீர் கசிகிறது என்று பொருள். உடனே கலங்காதீர்கள், வடிகுழாய் சரியாக வேலை செய்தால் சிறு கசிவுகள் பெரும்பாலும் மறுபடி கத்தி வைக்காமலே சில நாளில் நின்றுவிடும். வீட்டுக்குப் போன பிறகு குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், கண் மஞ்சள், வெளுத்த மலம், பச்சையாக வாந்தி, இதில் எது வந்தாலும் சாதாரணக் காய்ச்சல் மருந்து கொடுத்துக் காத்திருக்காமல், 'பித்தக் குழாய் ஆபரேஷன் ஆன குழந்தை' என்று சொல்லி உடனே காட்டுங்கள்.

முதல் வருடம் சில மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டும் கல்லீரல் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். இது பெரியவளான பிறகும் தொடர வேண்டும். கட்டியை எடுத்தால் புற்றுநோய் ஆபத்து வெகுவாகக் குறைகிறது, ஆனால் முழுக்க இல்லாமல் போவதில்லை. கல்லீரலுக்குள் இருக்கும் குழாய்களும், கணையத்துக்குள் கொஞ்சம் எச்சம் இருந்தால் அதுவும், கண்காணிப்பில் இருக்க வேண்டியவை. எந்த வழியில் செய்தாலும் இது மாறாது. துளை வழியாகச் செய்த குழந்தைகளின் பெற்றோர் சீக்கிரம் மறந்துவிடுகிறார்கள் என்பது என் கவனிப்பு. கண்ணுக்குத் தெரியத் தழும்பு இல்லை, குழந்தை ஓடி விளையாடுகிறாள், செக்கப் தேதி தவறிப்போகிறது.

டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு பக்கச் சுருக்கத்தோடு திருப்தியடையாமல், ஆபரேஷன் குறிப்பின் முழு நகலையும், எடுத்த கட்டியின் திசுப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்குங்கள். எந்த இணைப்பு போட்டார்கள், கீழ்முனையை எங்கே கட்டினார்கள், பின்சுவர் மிச்சம் விடப்பட்டதா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். இருபது வருடம் கழித்து வேறு ஊரில், வேறு டாக்டர் முன்னால் உங்கள் மகள் வயிற்றுவலியோடு உட்காரும்போது, அவர் முதலில் கேட்கப்போவது அந்தக் காகிதத்தைத்தான்.